மேஸ்திரியின் லேஸ் தேவதூதர்கள்

அந்த ஜன்னலோரத்தைக் கொஞ்சம் எனக்கு விடுதியா பிள்ள? பயப்படாத, வாந்தியெல்லாம் எடுக்க மாட்டேன். பஸ்ஸுல போனா எனக்கு ஒண்ணும் செய்யாது. இது வேற குமட்டலு. மழைக்காலத்துல புடிச்சது, இன்னும் தொண்டைக்குழியிலயே நிக்கி. வெளியயும் வரமாட்டேங்கு, உள்ளயும் போவமாட்டேங்கு. காத்துப் பட்டா தேவலை. நீ எங்க எறங்கணும்? வள்ளியூரா? சரி. நான் மார்த்தாண்டம் போறேன், தங்கச்சி வீட்டுக்கு. வள்ளியூரு வர பேசிக்கிட்டே போலாம். தூக்கம் வந்தாத் தூங்கு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

வெண்டைக்கா நறுக்குனா கையில ஒரு வழுவழுப்பு ஒட்டும்லா? அதை ஒரு சட்டி நெறைய நெனச்சுப் பாரு. வெதுவெதுன்னு. அதுக்குள்ள முழங்கை வர விட்டு அளையணும். தெனமும். சளி பிள்ள, அசல் மூக்குச்சளி. அதுக்குள்ள இருந்துதான் நான் தேவதூதரை எடுத்தேன்.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்லுதேன். லேஸ் தேவதூதரு.

சேலை ஓரத்துல வைக்கிற லேஸ் தெரியும்லா? அது துணியில ஒட்டிக்கிட்டு இருக்கும். இது துணியே இல்லாத லேஸு, வெறும் நூலு. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின்ல ஒரு ஃபிரேம் உண்டு. அதுல துணிக்குப் பதிலா ஒரு தாளை மாட்டணும். பாக்க பாலித்தீன் கவர் கெணக்கா இருக்கும், ஆனா தண்ணி பட்டாக் கரைஞ்சிரும். அது மேல மிஷினு தன்னாலே தைக்கும். மொதல்ல வலை மாதிரி பின்னும், அப்புறம் அது மேல நெருக்கித் தைக்கும். நட்சத்திரம், மணி, செறகு விரிச்ச தேவதூதரு, எது வேணாலும். முடிஞ்சதும் வெந்நியில போட்டாத் தாளு கரைஞ்சு போவும், நூலு மட்டும் மிஞ்சும். காய வெச்சா வெறப்பா நிக்கும். கிறிஸ்மஸ் மரத்துல கட்டித் தொங்கவிடலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்தத் தாளு கரைஞ்சு எங்க போவுதுன்னு ஒருத்தரும் கேக்கதில்ல. எங்கயும் போவாது. சட்டியிலதான் கெடக்கும், சளியா.

இதெல்லாம் எங்க வீட்டு அவிய வேலை. மேஸ்திரி அருமைநாயகம்னு பாளையங்கோட்டையில கேட்டுப் பாரு, இப்ப எல்லாரும் கையெடுத்துக் கும்புடுவாவ. நூல் மில்லுல மேஸ்திரியா இருந்தாவ. அப்ப கேட்டிருக்கணும் நீ. அவிய செருப்புச் சத்தம் கேட்டா மில்லுல பொம்பளைப் பிள்ளைய பேச்சை நிறுத்திரும். அப்படி வாயி. மில்லுல கொட்டுனது போவ மிச்சத்தை வீட்டுல கொண்டாந்து கொட்டுவாவ. மீன் கொழம்புல புளி கூடிட்டுன்னு கொதிக்கக் கொதிக்கச் சட்டியோட வாசல் முத்தத்துல எறிஞ்சவிய. எங்க மவ ஹெப்சி அப்ப சின்னப் பிள்ள. அவிய கை தட்டுல போவுறதைப் பாத்த உடனே கட்டிலுக்கு அடியில போயிரும். நான் கூட்டிப் பெருக்கித் தொடச்சப் பொறவுதான் வெளிய வரும்.

எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. அதெல்லாம் எப்பவோ போச்சு. இது கோவம் இல்ல பிள்ள, அருவருப்பு.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறக்குற சமயம், ஷேவிங் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே விழுந்துட்டாவ. பக்கவாதம். வலது கையும் காலும் போச்சு. வாயி ஒரு பக்கம் கோணிட்டு. அந்தக் கோணல் வழியா எப்பவும் எச்சி வடியும். நான்தான் தொடைக்கணும். தோளுல ஒரு துண்டு, மடியில ஒரு துண்டு, எல்லாத்தையும் டெட்டால்ல போட்டு அலசணும். காலு கொஞ்சம் திரும்பிச்சு, கம்பை ஊனி நடப்பாவ. பேச்சு திரும்பல. பேச்சுன்னா ஒண்ணே ஒண்ணு மட்டும் வந்துச்சு.

ஒரு வார்த்தை. நான் சொல்ல மாட்டேன், முன்னாடி சீட்டுல பிள்ளைய இருக்கு. "தே"ல ஆரம்பிக்கும். பொம்பளையளைத் திட்டுற வார்த்தை. ஒனக்கு வெளங்கிட்டுல்லா? அதேதான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னைய அப்படித்தான் கூப்பிடுவாவ. தண்ணி கொண்டா, சட்டையை எடு, எங்க போயித் தொலைஞ்ச, எல்லாத்துக்கும் முன்னாடி அதான் வரும். இப்ப பின்னாடி வர வார்த்தையெல்லாம் போயிட்டு, அது மட்டும் நிக்கி. தண்ணி வேணும்னாலும் அது, ஒண்ணுக்குப் போவணும்னாலும் அது, ஃபேனைப் போடச் சொல்லுறதுக்கும் அது.

டாக்டரம்மா சின்னப் பிள்ள, ஒன் வயசுதான் இருக்கும். "அது அப்படித்தான்ம்மா, ரொம்பப் பழக்கப்பட்ட வார்த்தை மட்டும் சில பேருக்குத் தங்கிரும், அவங்க வேணும்னு சொல்லுறது இல்ல"ன்னா. இத்தனை வருஷம் கோயிலுக்குப் போனாவளே, ஒரு ஜெபம் தங்கல. பெத்த பிள்ள பேரு தங்கல. எது தங்கிருக்கு பாரு.

"பேசப் பழக்குங்க, பொறுமையாச் சொல்லிக் குடுங்க"ன்னும் சொன்னா. நான் பழக்குனேன். டம்ளர்ல தண்ணியை மொண்டு கண்ணுக்கு முன்னால வெச்சுக்கிட்டு, "தண்ணின்னு சொல்லுங்க, தாரேன்"னு நிப்பேன். அந்த வார்த்தையைச் சொன்னா டம்ளரைக் கொண்டு போயி ஜன்னல் திண்டுல வெச்சிருவேன். திரும்ப எடுப்பேன், திரும்ப நிப்பேன். சில நாளு சாயங்காலம் வர ஆயிரும். கண்ணுல தண்ணி வரும், வாயில வராது. டாக்டரு சொன்னதைத்தானே செஞ்சேன்? எதுத்த வீட்டு டெய்சி ஒரு நாளு பாத்துட்டு, "என்னக்கா இப்படிப் பண்ணுதிய"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்? அவ வீட்டுக்காரரு பூனை மாதிரி.

ஹெப்சி பெங்களூர்ல பிளவுஸ் கடை வெச்சிருக்கா. புது மிஷின் வாங்குனப்ப பழசைக் கொண்டாந்து எங்க வீட்டுல போட்டா. "அப்பா இடது கையால பட்டனைத் தொட்டாப் போதும்மா, மிஷின் தச்சிரும். கைக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது"ன்னு பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா. ஃபிரேமை மாட்ட, நூலை மாத்த, அறுந்தா நிறுத்த. லேஸ் தைக்கும்போது மேல் நூலும் அடியில ஓடுற பாபின் நூலும் ஒரே கலரா இருக்கணும், ரெண்டு பக்கமும் தெரியும்லா, அதெல்லாம். கட்டிலுக்கு அடியில கெடந்த பிள்ள! அவிய எச்சியைத் தன் துப்பட்டாவால தொடைச்சுக்கிட்டு, "சூப்பர்ப்பா, சூப்பர்ப்பா"ங்கா. எனக்கு அடுப்படியில நிக்க முடியல.

மொத நட்சத்திரம் தச்ச உடனே, "அம்மா, அகலமா ஒரு பாத்திரம் வேணும்"னா. நான் என்னத்தைக் கண்டேன், சோறு வடிக்கிற சட்டியைக் குடுத்தேன். அன்னையோட செத்துது அந்தச் சட்டி. சோப்பு, சாம்பலு, புளி, எலுமிச்சங்கா, எல்லாம் போட்டுத் தேச்சுட்டேன். விரலை வெச்சா இன்னும் வழுக்குதுன்னு எனக்குத் தோணும். வீடு பூரா நூல் பிசிறு. ரசத்துல நூலு. தலையணையில நூலு. ஒரு நாளு பல்லு விளக்கும்போது என் வாயில இருந்து ஒரு வெள்ளை நூலு வருது பிள்ள. இழுக்க இழுக்க வருது.

ஹெப்சி ஊருக்குப் போயிட்டா. அவிய தைக்க ஆரம்பிச்சாவ. தைக்கதுன்னு சொல்லுதாவளே எல்லாரும், அவிய எங்க தச்சாவ? ஒத்தக் கையால ஃபிரேமை இறுக்க முடியுமா? இறுக்கிக் குடுத்தது நான். பாபின் சுத்தி வெச்சது நான். மிஷினு தைக்கும், அவிய பாப்பாவ. அவ்வளவுதான் வேலை. மில்லுலயும் அதான் வேலை. முடிஞ்சப் பொறவு ஒட்டிக்கிட்டு இருக்குற நூலைக் குட்டிக் கத்திரிக்கோலால வெட்டுவாவ, இடது கையால. அந்த வெட்டு மட்டும் சுத்தமா இருக்கும். பொய் சொல்லக்கூடாது.

மிச்சம் பூரா நான். சுத்தித் தாளை நறுக்கி, வெந்நியில ஊறப்போட்டு, அலசி, தெர்மாக்கோல் அட்டையில விரிச்சு, செறகு நுனி ஒவ்வொண்ணுக்கும் குண்டூசி குத்திக் காய வைக்கணும். அதுலயும் ஒரு பக்குவம் இருக்கு. சளி பூராப் போவ அலசிட்டேன்னு வையி, காஞ்சப் பொறவு துணி மாதிரித் தொவண்டு தொங்கும். கொஞ்சம் விட்டுத்தான் எடுக்கணும். நிறைய விட்டா நூலு மேல வெள்ளையாப் படிஞ்சு அசிங்கமா இருக்கும். விரலுக்கு நடுவுல வெச்சு ஒரு உருட்டு உருட்டுனா எனக்குத் தெரிஞ்சிரும். ஹெப்சியே வீடியோவுல பாத்துட்டு, "எப்படிம்மா ஒனக்கு மட்டும் சுருளாம வருது"ன்னா. கண்ணை மூடிக்கிட்டுத்தான் பண்ணுவேன், அவ்வளவு அருவருப்பு. ஆனா ஒண்ணு கோணலாக் காஞ்சிருந்தாலும் திரும்ப நனைச்சுக் குத்தாம எனக்குத் தூக்கம் வராது.

நடு ஜன்னல்ல நாலஞ்சு நட்சத்திரத்தைத் தொங்கவிட்டேன். சும்மா தூசி அடையக் கூடாதேன்னு. தெருவே வந்து நிக்கி. டெய்சி வந்து, "அண்ணாச்சி கையில இப்படி ஒரு வித்தையா!"ங்கா. அவிய என்ன செய்வாவ தெரியுமா? ஆளு வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டாவ. இடது கையால கைக்குட்டையை எடுத்து வாயை இறுக்கிப் பொத்திக்கிடுவாவ. கண்ணு மட்டும் சிரிக்கும். ஆளு போன உடனே கையை எடுத்துட்டு என்னையப் பாத்து அந்த வார்த்தை. எப்பேர்ப்பட்ட கள்ளத்தனம் பாரு! மத்தவங்களுக்குச் சிரிப்பு, எனக்கு அது. "பாவம் அண்ணாச்சி, கொழந்தை மாதிரி ஆயிட்டாரு"ன்னு டெய்சி சொல்லுதா. இவதான் அந்தக் காலத்துல எங்க வீட்டுச் சத்தம் தாங்காம ஜன்னலைச் சாத்துனவ.

அய்யரம்மாவும் வந்தா. எங்க கோயில் அய்யரு பெண்டாட்டி, பாதிரியாரைத்தான் நாங்க அய்யருங்கோம். நட்சத்திரத்தைக் கையில வெச்சுப் பாத்துட்டு, "இந்த வருஷம் ஆல்டருக்கு மேல பூரா தேவதூதர் கூட்டம் வைக்கணும் அண்ணாச்சி, உங்க கையாலதான் செய்யணும்"ன்னா. ஆல்டருன்னா அய்யரு நின்னு ஜெபம் பண்ணுற முன் மேடை. பெரிய தேவதூதரு. ஒண்ணொண்ணும் என் கை நீளம். செறகு தனி, உடுப்பு தனி, பொறவு சேக்கணும். அவிய கைக்குட்டைக்குள்ள தலையை ஆட்டுதாவ. என்னைய ஒருத்தரும் கேக்கல. போவும்போது அய்யரம்மா என்னையப் பாத்து, "நீங்க பக்கத்துல இருந்து அவரை உற்சாகப்படுத்துங்கக்கா"ன்னா.

உற்சாகப்படுத்துனேன். அந்த மழையில. ஒண்ணும் காயாது. கட்டிலுக்கு அடியில, பீரோ மேல, சாப்பாட்டு மேசையில, எங்க பாத்தாலும் தெர்மாக்கோல், அதுல ஊசி குத்துன தேவதூதரு. நான் அடுப்படியில தரையில உக்காந்துதான் சாப்பிட்டேன். ஒரு புழுங்குன வாடை. எச்சித் துண்டு வாடையும் அந்தத் தாளு வாடையும் எனக்கு ஒண்ணாயிட்டு. எது எதுன்னு தெரியாது. அவிய வாயைத் தொடைச்சுட்டுச் சட்டியில கையை விடுவேன், சட்டியில இருந்து கையை எடுத்துட்டு அவிய வாயைத் தொடைப்பேன். இந்தச் சளிக்கு அந்தச் சளி என்ன வித்தியாசம்? ராவுல சோத்தைப் பிசைஞ்சா ஓங்கரிச்சுக்கிட்டு வரும்.

ஒரு நாளு ஒரு தேவதூதரைக் கூடுதலா அலசிட்டேன். வேணும்னு இல்ல, எதையோ நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன். தலை தொங்கிட்டு. அவிய அதைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாவ. அந்த வார்த்தையைச் சொன்னாவ. சத்தமா இல்ல, மெள்ள. கண்ணுல இருந்து தண்ணி வந்து எச்சியோட சேந்து வடியுது. எனக்கு வந்துதே ஒரு வெறுப்பு! எறிஞ்ச கொழம்புச் சட்டிக்கு ஒரு சொட்டுக் கண்ணீரு வந்திருக்குமா? நூலுக்கு அழுதாவ. நான் அதைப் புடுங்கிக் குப்பையில போட்டுட்டு வேற ஃபிரேமை மாட்டிக் குடுத்தேன்.

கேரல் சர்வீஸ், கிறிஸ்மஸ் பாட்டு ஆராதனை, அன்னைக்கு ஆல்டர் மேல பூரா வெள்ளை வெளேர்னு செறகு. பின்னால லைட்டுப் போட்டிருந்தாவ. செவத்துல நிழலு ஆடுது. அழகாத்தான் இருந்துச்சு, நான் இல்லன்னு சொல்லல. ஒண்ணு கூடச் சுருளல. எல்லாரும் அண்ணாந்து பாத்து, "மேஸ்திரி, மேஸ்திரி"ங்காவ. நான் பொம்பளையள் பக்கம் தூணுக்கிட்ட உக்காந்து, ஒவ்வொரு செறகா நுனியைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

பாட்டெல்லாம் முடிஞ்சப் பொறவு அய்யரு அவியளை முன்னால கூப்பிட்டாரு. ரெண்டு பேரு கைத்தாங்கலாக் கொண்டு போயி நிறுத்துனாவ. பொன்னாடை போத்துனாவ. கைதட்டு. அய்யரு பேசுதாரு: "வாய் பேச முடியாத நிலையிலும் தன் கைகளால் ஆண்டவரை மகிமைப்படுத்துகிற நம் சகோதரர்"னு. அவிய வழக்கம்போலக் கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்காவ. அய்யருக்கு என்ன தோணுச்சோ, "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா, முயற்சி பண்ணுங்க"ன்னு அந்தக் கையை மெள்ளப் புடிச்சு எறக்கிட்டு, மைக்கை வாய்க்கு நேரா நீட்டிட்டாரு.

நான் பெஞ்சு நுனிக்கு வந்துட்டேன். பயத்துல இல்ல பிள்ள. ஆசையில. வரட்டும், இன்னைக்கு வரட்டும்னு நெனச்சேன். கோயிலு நெறைய ஆளு. ஸ்பீக்கரு வெளிய ரோட்டுல கட்டியிருக்கு. அண்ணாச்சி, கொழந்தை, பாவம்னு சொன்ன அத்தனை காதும் தொறந்து இருக்கு. ஒரே ஒரு தடவ இவங்களும் கேக்கட்டும். நான் இத்தனை வருஷம் எதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்னு தெரியட்டும்.

அவிய முழிக்காவ. ஆம்பளையள் பக்கம் பாத்தாவ. பொம்பளையள் பக்கம் பாத்தாவ. வேர்த்து ஊத்துது. கண்ணு தேடிக்கிட்டே வந்து தூணுக்கிட்ட என்னையக் கண்டுது. கண்ட உடனே வாயைத் தொறந்தாவ.

சொல்லிட்டாவ. முழுசா, தெளிவா, ஸ்பீக்கர்ல. ரோடு வர கேட்டிருக்கும்.

முன் வரிசையில இருந்த வாத்தியாரு காதைத் தடவுனாரு. டெய்சி குனிஞ்சுக்கிட்டா. எனக்குத் தெரியும், எல்லாருக்கும் கேட்டுட்டு. நான் என்ன செஞ்சிருக்கணும்? மடியில கையை வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கணும். அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தேன்?

நான் எந்திரிச்சு நிக்கேன் பிள்ள. நான் எந்திரிக்கல, என் காலு எந்திரிச்சிட்டு. அந்தச் சத்தம் காதுல விழுந்த உடனே, வீட்டுல அடுப்படியில இருந்து எந்திரிச்சு ஓடுவேன்லா, அப்படி. முந்தானையை வேற இடுப்புல சொருகிட்டேன். இத்தனை சனத்துக்கு முன்னாடி, அந்த வார்த்தைக்கு, ஏன்னு கேட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கேன்.

அய்யரு சட்டுனு கையை மேல தூக்கிட்டாரு. "தேவனே! சபையாரே கேட்டீர்களா? தேவனே என்று கூப்பிடுகிறார்! அடைபட்ட வாய் திறந்தது! இதோ, அவர் மனைவியும் எழுந்து நிற்கிறார்கள். நாம் எல்லாரும் எழுந்து நின்று ஆண்டவரைத் துதிப்போம்!"

எல்லாரும் எந்திரிச்சிட்டாவ. பெஞ்சு பூரா. அல்லேலூயாங்காவ. பாட்டுக்காரப் பிள்ளைய பாட ஆரம்பிச்சிட்டு. அய்யரம்மா ஓடி வந்து என்னையக் கட்டிப்புடிச்சா. "அவிய சொன்னது அது இல்லம்மா"ன்னேன். அவ என் கையை இறுக்குனா, நெகம் பதியுற மாதிரி இறுக்குனா. "அதுதான்க்கா. அதுதான் சொன்னாரு"ன்னா. என் கண்ணைப் பாக்காமச் சொன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. தோளு குலுங்கக் குலுங்கச் சிரிக்கேன். அழுவுதேன்னு நெனச்சு முதுகைத் தடவிக் குடுக்காவ.

அவிய என்னையத்தான் கூப்பிட்டாவ. அது எனக்குத் தெரியாதா? பயந்து போயிக் கூப்பிட்டாவ. இத்தனை பேருக்கு நடுவுல நிறுத்திட்டாவளே, வந்து கூட்டிட்டுப் போன்னு கூப்பிட்டாவ. அதான் பிள்ள எனக்குக் கொமட்டுது. அவிய சொன்னதுகூட இல்ல. நான் எந்திரிச்சேன் பாரு, அது.

பொன்னாடையோட ஆட்டோவுல கொண்டாந்து விட்டாவ. அன்னைக்கு ராத்திரி அவிய ஒண்ணுமே சொல்லல. அந்த வார்த்தையும் சொல்லல. தண்ணி வேணுமான்னு கேட்டேன், தலையை ஆட்டிட்டுச் செவத்தைப் பாத்துப் படுத்துட்டாவ. நடிப்பு. இல்லாம வேற என்ன?

மறுநாளு காலையில ஹெப்சி ஃபோன். யாரோ வீடியோ அனுப்பியிருக்காவ. "அம்மா, அப்பா தேவனேன்னு சொன்னாராமே. நீ எந்திரிச்சு நின்னியேம்மா, எனக்கு ஒரே அழுகை"ங்கா.

"ஏட்டி, ஒனக்குமா கேக்கல?"ன்னேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கிட்டு இருந்த மிஷின் சத்தம் நின்னுது.

"கேட்டுதும்மா"ன்னா.

அப்புறம், "நான் வரேன்"ன்னா. கடையைப் பூட்டிட்டு மறுநாளே வந்து நின்னா. வந்த உடனே சட்டியை அவ எடுத்துக்கிட்டா. என்னைய விடல. புது வருஷத்துக்கு யாரோ கேட்ட மணியெல்லாம் அவதான் அலசுனா. கோணலும் மாணலுமாக் காய வெச்சிருந்தா, நான் வாயைத் தொறக்கல. ஒண்ணு ரெண்டை மட்டும் அவ குளிக்கப் போனப்ப எடுத்துச் சரியாக் குத்துனேன்.

ரெண்டு நாளு அவிய வாயே தொறக்கல. மூணாம் நாளு என்னையப் பாத்து அந்த வார்த்தையைச் சொன்னாவ. நான் எந்திரிக்கப் போனேன். ஹெப்சி என் தோளை அமுக்கி உக்கார வெச்சிட்டு, மிஷினுக்கு முன்னாடி போயி நின்னா. "அப்பா, அம்மாவுக்குப் பேரு இருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க"ன்னா. அவிய அவளைப் பாத்தாவ, என்னையப் பாத்தாவ. இடது கையால காதைப் புடிச்சாவ, சின்னப் பிள்ளைய பள்ளிக்கூடத்துல புடிக்குமே, அப்படி. ஹெப்சி விடல. பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, என் பேரை எழுத்து எழுத்தாச் சொல்லிக் குடுக்கா. டம்ளரு கிம்ளரு ஒண்ணும் இல்ல. சும்மா, சொல்லிச் சொல்லி.

நான் அடுப்படியில இருந்து கேக்கேன். மொத எழுத்து வந்துட்டு பிள்ள. என் பேருல மொத எழுத்து. அவிய வாயில. உதடு ரெண்டும் ஒட்டி ஒட்டிப் பிரியுற சத்தத்தோட, கொழ கொழன்னு. ஹெப்சி கைதட்டுதா. "இன்னொரு தடவ, இன்னொரு தடவ"ங்கா.

எனக்கு எங்க இருந்து வந்துதோ தெரியல. கரண்டியோட ஓடிப் போயி, "வேண்டாம்ட்டி, நிறுத்து"ன்னேன். "என் பேரை அவிய வாயில போடாத. அது ஒண்ணுதான் எச்சி படாமக் கெடக்கு."

ஹெப்சி அப்படியே பாத்தா. அவியளும் பாத்தாவ. அவிய மொகத்துல என்ன இருந்துச்சுன்னு என்னையக் கேக்காத, நான் நின்னு பாக்கல. பையில ரெண்டு சேலையைப் போட்டுக்கிட்டேன். ஹெப்சி தடுக்கல. வாசல் வர வந்து, "சித்தி வீட்டுல இரும்மா, ஒனக்கா வரணும்னு தோணுனா வா, நான் பாத்துக்கிடுதேன்"ன்னா. ஈஸ்டருக்குப் புறா கேட்டிருக்காவளாம், அதையும் அவளே பாத்துக்கிடுவாளாம். பாத்துக்கிடட்டும். எத்தனை புறா தலை தொங்குதுன்னு பாப்போம்.

அந்தா, நம்பி கோயிலு வளைவு தாண்டிட்டு, ஒனக்கு ஊரு வந்துட்டு போல. பையை எடுத்துக்கோ. எறங்கும்போது பாத்து எறங்கு.

இரு, இவ்வளவு நேரம் என் கதையைக் கேட்டுக்கிட்டு வந்தியே. எம்பேரு புஷ்பரத்தினம். எங்க, நீ ஒரு தடவ சொல்லிட்டுப் போ.